வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

சென்னையில் சொந்தமாக ஒரு வீடு வாங்குவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து ஓராண்டு ஆகப்போகிறது. இரண்டு படுக்கையறை, 50 லட்சத்துக்குள் விலை, வேலைக்குப் போய்வர முடிகிற தூரம். இவ்வளவுதான் எங்கள் நிபந்தனை. பெரம்பூர், அம்பத்தூர், ராயப்பேட்டை, வேளச்சேரி, பெரும்பாக்கம், தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியிருக்கிறோம். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் கிரயப் பத்திரத்தில் ‘கிரயம் பெறுபவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடப்போகிற முதல் ஆட்கள் நாங்கள்தான்.

வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத நினைப்பது வேறு. வீடு தேடி ஒரு நகரத்தைச் சுற்றுகிறவர்களுக்கு அந்த நகரத்தின் வரலாறு கண்முன்னே வந்து நிற்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு அது. தரகர்களின் பேச்சில் அது இருக்கிறது.

“டீசன்ட் ஏரியா சார்.” “எல்லாம் நம்ம ஆளுங்கதான் மேடம்.” “ப்யூர் வெஜ் அபார்ட்மென்ட், பரவாயில்லையா?” “உங்க சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியிலயா?” பெரும்பாக்கம் பக்கம் ஒருவர் சொன்னது இன்னும் வெளிப்படை: “பின்னாடி போர்டு வீடு இருக்கு சார், அதனாலதான் இந்த ரேட்டு. ஆனா கவலப்படாதீங்க, நடுவுல பெரிய காம்பவுண்டு கட்டிக் குடுத்துடுவாங்க.”

இந்தப் பேச்சில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வரத் தேவையில்லை. எந்த இடம் யாருக்கு என்பது பல நூற்றாண்டுகளாக வரையப்பட்டுவிட்டது. தரகர் அதற்கு விலை மட்டும்தான் சொல்கிறார். பத்திரப்பதிவுத் துறையோ தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு என்று அந்த விலைக்கு அரசு முத்திரையும் கொடுத்துவிடுகிறது.

சேரி என்ற சொல்லின் பயணம்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்குள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. உலகுக்கே மக்களாட்சி சொல்லிக்கொடுத்தவர்கள் நாம் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்தக் கல்வெட்டில் இரண்டு செய்திகளை மேடைகள் விட்டுவிடும்.

முதலாவது, அந்த ஊரின் 12 பகுதிகளுக்குச் ‘சேரி’ என்றுதான் பெயர். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அப்படியானால் சேரி என்பது அன்று சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுச்சொல். இரண்டாவது, தேர்தலுக்கு நிற்பவருக்கான தகுதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வேதக் கல்வி இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இல்லாதவருக்கு ஊர் விவகாரத்தில் இடம் இல்லை.

சுமார் 100 ஆண்டுகள் கழித்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்களில் வரிவிதிப்புக்கு உட்படாத நிலங்களை வரிசையாகச் சொல்லும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வருகிறது. சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்றே வருகிறது. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. ஒரே ஊர், இரண்டு குடியிருப்பு. கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பொதுச்சொல்லாக இருந்த சேரி மெல்லமெல்ல நம் தலையில் மட்டும் கட்டப்பட்டது. பிறகு அரசாங்கம் ‘காலனி’ என்ற புதிய சொல்லைக் கொண்டுவந்தது. அதற்கும் அதே கதிதான். கிராமத்தில் ‘காலனி’ என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெசன்ட் நகரில் ‘கலாக்ஷேத்ரா காலனி’ என்றால் அது கௌரவமான முகவரி! சொல் ஒன்றுதான். வாழ்கிறவர் யார் என்பதை வைத்து அதன் பொருள் மாறுகிறது. காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல்லை நீக்கிய இடத்தில் மனை உரிமை வருகிறதா என்பதுதான் நம் கேள்வி.

கோட்டைக்கு வெளியே ஒரு பெரிய சேரி

‘நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும்’ என்று சமூகவியல் வகுப்பில் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னை அதை நம்பவிடவில்லை.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். கறுப்பர் நகரத்துக்குள்ளும் கோடுகள் இருந்தன. வலங்கை, இடங்கைச் சாதிகளின் சண்டை முற்றியபோது, 1707-08இல் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதற்குக் கம்பெனி நிர்வாகமே சாதிக்கணக்கு பார்த்தது.

அதே கம்பெனி ஆவணங்களில் ‘பெரிய பறைச்சேரி’ என்ற பெயரும் வருகிறது. அதாவது நம் மக்கள் இந்த நகரத்துக்குப் பஞ்சம் பிழைக்க நேற்று வந்தவர்கள் அல்லர். நகரம் உருவான காலத்திலிருந்தே இருக்கிறார்கள். சமையல் செய்தார்கள், குதிரை பராமரித்தார்கள், மூட்டை தூக்கினார்கள், படையில் சேர்ந்தார்கள். நகரம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. குடியிருப்பு மட்டும் தனியாகவே இருந்தது.

ராயப்பேட்டையில் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு பார்த்தோம். விலை எங்கள் கணக்கைப் போல மூன்று மடங்கு. “இது ஓல்டு மெட்ராஸ் சார், இங்கெல்லாம் பரம்பரையா இருக்கிறவங்கதான் இருப்பாங்க” என்றார் காட்ட வந்தவர். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி நடத்தியது இந்த ராயப்பேட்டையிலிருந்துதான். தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கமும் இங்கேதான் இயங்கியது. பரம்பரை என்று பார்த்தால் எங்களுக்கும் அந்தத் தெருவில் பங்கு உண்டு. பத்திரம்தான் இல்லை.

வீடு தேடி எந்தத் தெருவிலும் நுழைகிறோம், யாரும் தடுப்பதில்லை. இதுவும் தானாக வந்ததல்ல. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக்கூடாது என்ற அரசாணைக்கு வழிசெய்தார். தெருவில் நடக்கும் உரிமைக்கே ஓர் அரசாணை தேவைப்பட்ட மாகாணம் இது. அது வந்து 100 ஆண்டு ஆகிறது. நடக்கிற தெருவிலேயே குடியிருக்கும் உரிமை இன்னும் முழுதாக வரவில்லை.

இரண்டு வரைபடங்கள், ஒரே காலம்

1920களின் தொடக்கத்தில் சென்னையில் இரண்டு செய்திகள் நடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒன்று, 1921 பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம். அது புளியந்தோப்புக் கலவரமாக மாறியது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்காக வியாசர்பாடியில் முகாம் போடப்பட்டது.

இன்னொன்று, 1923க்குப் பிறகு மாம்பலத்தில் நீண்ட ஏரியின் நீரை வெளியேற்றி ஒரு புதிய குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். அதுதான் தியாகராய நகர். பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், அளந்து வெட்டிய மனைகள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, பாண்டி பஜார் என்று நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் அங்கே நிலைத்தன. ஒரு நகரத்தை எப்படி அழகாகத் திட்டமிடலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மனை வாங்கப் பணமும் பழக்கமும் வைத்திருந்தவர்கள் யார்? அதே ஆண்டுகளில் எரிந்த குடிசைக்குப் பதில் முகாம் கிடைத்தவர்கள் யார்? பார்ப்பனரல்லாதார் அரசியல் நமக்குக் கொடுத்தவை பல. அதை மறுக்கவில்லை. ஆனால் மனைப் பங்கீட்டில் நாம் எந்த வரிசையில் நின்றோம் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

100 ஆண்டு கழித்து தி.நகர் விலையையும் வியாசர்பாடி விலையையும் இரண்டு கைகளில் வைத்துப் பாருங்கள். ‘நார்த் மெட்ராஸா? அங்கேயா வாங்குறீங்க?’ என்று உறவினர்களே கேட்கிறார்கள். அம்பேத்கர் பெயரில் அரசுக் கல்லூரி இருக்கிற இடம், கால்பந்தும் பாக்ஸிங்கும் கானாவும் வளர்ந்த இடம், தொழிற்சங்க வரலாற்றின் மையம். ஆனால் விலைப்பட்டியலில் அது ‘டீசன்ட் ஏரியா’ ஆகாது.

ஆற்றங்கரையிலிருந்து சதுப்புநிலத்துக்கு

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது, 1971இல் அதற்கான சட்டம் வந்தது. ஆரம்ப காலத்தில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள். மயிலாப்பூர், மெரினா ஓரத்தில் இன்றும் சில பழைய வாரியக் குடியிருப்புகள் இருப்பது அதனால்தான். பிறகு கொள்கை மாறியது. 2000 வாக்கில் கண்ணகி நகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, அதன்பின் எழில் நகர், பெரும்பாக்கம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக இருந்தவர்களை 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்தைக் காரணமாகச் சொல்லி இது வேகமெடுத்தது. கண்ணகி நகரில் மட்டும் முதல் கட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டாதவை. அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்று கொண்டுபோன இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். செம்மஞ்சேரியில் பெருமழை வந்தால் தண்ணீர் நிற்கிறது. வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவில் பாதிச் சம்பளம் போனது, பலருக்கு வேலையே போனது. பள்ளிப் பிள்ளைகள் நடுவில் நின்றார்கள். முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலை, கடன் கிடைப்பது கடினம் என்று அந்தப் பகுதி இளைஞர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

அதே சாலையில்தான் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் ‘கேட்டட் கம்யூனிட்டி’களும் வளர்ந்தன. இரண்டுக்கும் நடுவில் அந்தக் காம்பவுண்டுச் சுவர். உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்த சுவருக்குத் தீண்டாமைச் சுவர் என்று பெயர் வைத்துப் போராடி, 2008இல் ஒரு பகுதியை இடிக்க வைத்தோம். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் சுற்றுச்சுவர் இடிந்து தலித் குடியிருப்பின்மீது விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். நகரத்தில் அதே சுவர் விளம்பரத்தில் ‘செக்யூரிட்டி வசதி’ என்று வருகிறது.

பாபாசாகேப் தேடிய வீடு

வீடு தேடுகிற ஒவ்வொரு தலித்தும் அண்ணலின் பரோடா நாட்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்குச் சேர வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி இடம் தர மறுத்தார்கள். ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் திரும்பினார். அதே மனிதர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில், இந்து காலனி என்ற பகுதியில், தன் நூலகத்துக்கென்றே ராஜகிருகம் கட்டினார். சேரிக்குப் பக்கத்தில் அல்ல, நகரத்தின் நடுவில். அதை வெறும் சொந்த வீடு என்று நாங்கள் பார்ப்பதில்லை.

அன்று பெயர் மறைத்த கதை இன்று முடிந்துவிட்டதா? சுகதேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் டெல்லி தலைநகர் வட்டாரத்தில் வாடகை வீடு தேடுபவர்களாகப் பேசிச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆதிக்க சாதிப் பெயர் சொன்னவர்களில் ஒருவருக்கும் மறுப்பு வரவில்லை. தலித்துகளில் 18 சதவீதம் பேருக்கும் முஸ்லிம்களில் 31 சதவீதம் பேருக்கும் நேரடி மறுப்பு. இன்னும் பலருக்குக் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. மறுபக்கம், 2005இல் உச்ச நீதிமன்றம் குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தவரை மட்டும் உறுப்பினராக்கும் விதியைச் செல்லும் என்று சொன்னது. இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். ‘எங்கள் சமூகத்தவருக்கு மட்டும்’ என்று எழுதுகிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

30 ஆண்டு வில்லங்கம் போதுமா?

இனி எங்கள் தேடலில் நடந்த முக்கியமான செய்தி. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் இடத்தில் வீடு பிடித்திருந்தது. விலையும் எட்டக்கூடியது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று சுத்தம். வங்கியின் வழக்கறிஞரும் சரி என்றார். நில உரிமைப் போராட்டங்களில் இருந்த ஓர் அண்ணன் மட்டும், “பழைய பதிவேட்டை எடுத்துப் பாருங்க தம்பி” என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டு நகலை வாங்கினோம். அந்தச் சர்வே எண்ணின் ஒரு பகுதிக்கு எதிரே, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்ற குறிப்பு இருந்தது. புதிய பதிவேட்டில் அந்தக் குறிப்பு இல்லை. அது பஞ்சமி நிலம்.

இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாக: 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர் சுட்டிக்காட்டிய கொடுமைகளில் ஒன்று, குடியிருக்கும் மனையையே மிராசுதார்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடியது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் வீட்டை விட்டு வெளியேற்றலாம். மனை இல்லாதவனுக்கு வாய் இல்லை! அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைப்படி மாகாணமெங்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் குறிப்பிடுகின்றன. 10 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீட்கத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

‘நீங்களும் எஸ்.சி.தானே, நீங்க வாங்கினா தப்பில்லையே’ என்றார் ஒரு நண்பர். ஆனால் அந்த நிலத்தை எங்களுக்கு விற்பவர் யார்? அது யாரிடமிருந்து, எப்படி அவர் கைக்குப் போனது? 50 லட்சம் கொடுத்து அந்த அபகரிப்புக்கு நாங்கள் ரசீது எழுதித் தர முடியாது. விலகிக்கொண்டோம். பதிவேட்டு நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

முன்பணக் கணக்கிலும் இதே வரலாறுதான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்வரைதான் வங்கி தரலாம். மீதி 20 சதவீதமும் பதிவுச் செலவும் நம் கையிலிருந்து வரவேண்டும். எங்களோடு வேலை செய்கிற மற்றவர்களுக்கு அது ஊரில் இருக்கும் நிலத்திலிருந்தோ தாத்தா வீட்டிலிருந்தோ வருகிறது. நமக்குச் சம்பளத்திலிருந்து மட்டும் வருகிறது. இட ஒதுக்கீட்டால் எல்லாம் சமமாகிவிட்டது என்று பேசுகிறவர்களிடம் இந்த 20 சதவீதத்தைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

ஒன்று, வீட்டில் உட்கார்ந்து பெற்றோரிடம் கேளுங்கள். நாம் குடியிருக்கும் மனைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அதற்கு முன் யாருடையது? எழுதி வையுங்கள்.

இரண்டு, உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். நம் வில்லங்கம் அதற்கு முந்தியது. கிராமக் கணக்கிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும்தான் அதைத் தேடவேண்டும்.

மூன்று, சாதியைக் காட்டி வீடு மறுக்கப்பட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். விளம்பரமாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள். சான்று இல்லாத அவமானம் புலம்பலாகவே போய்விடும். சான்று இருந்தால் புகாராகும்.

நான்கு, மறுகுடியமர்வுப் பகுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகளோடு வேலை செய்யுங்கள். அவர்களின் முகவரி அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. வாரிய வீட்டுக்கு விற்பனைப் பத்திரம் கேட்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கோரிக்கையும் நில உரிமைப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

சொந்த வீடு வாங்குவது நடுத்தர வர்க்க ஆசை, இயக்கத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. உத்திரமேரூரில் சொந்த மனை இல்லாதவன் ஓலையில் பெயர் எழுத முடியாது. செங்கல்பட்டில் சொந்த மனை இல்லாதவன் கூலி கேட்க முடியாது. கூவக்கரையில் பத்திரம் இல்லாதவன் பொழுது விடிவதற்குள் லாரியில் ஏற்றப்படுகிறான். மனை என்பது நமக்கு ஒருநாளும் தனிப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. எந்தத் தெருவிலும் வீடு வாங்கும் உரிமையும், வாழ்ந்த இடத்திலேயே வாழும் உரிமையும், பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் ஒரே கோரிக்கைதான்.

ஜெய்பீம்.